என் தலை, அவர் வேண்டுதல்

நவ. 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஜன்னலில் நகரி மலை இல்லை. முகம் மாதிரி படுத்திருக்கும் மலை, இன்று மூக்கு, நெற்றி எல்லாம் மேகத்துக்குள்.

ஹெச்.பி. 8.9. நானே என் விரலில் குத்தி, நானே மிஷினில் ஓட்டி, நானே ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போட்டேன். போன வாரம் 8.6. ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். கர்ப்பப்பை போய்விட்டது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரத்தம் மட்டும் மனசில்லாமல் ஏறுகிறது.

லேபில் வேலை அரை நாள்தான். பதினொன்றுக்குமேல் தலை மிதக்கிறது. டியூபில் பெயர் எழுதினால் எழுத்து கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கிறது. வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. இதில் ஒரு சுகம் இருக்கிறது. வெளியே சொன்னால் திட்டுவார்கள்.

வாங்க: பேரீச்சை. முருங்கைக்கீரை. மாலுவுக்குக் கால்சியம். குடை (பழையதை ரேணிகுண்டா பஸ்ஸில் விட்டது நான்தான், கதிர் இல்லை. இன்னும் மகனிடம் ஒப்புக்கொள்ளவில்லை).

மருமகள் மாலுவுக்கு ஏழாம் மாதம். முதல் பேறு. அடுத்த மாதம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்குத் திருப்பதிக்கு அழைத்துப் போவார்கள். அந்த அம்மா, என் சம்பந்தி ராஜேஸ்வரி, மதியம் போன் செய்தார். நாளைக்கு வருகிறாராம். ஒரு விஷயம் பேச வேண்டுமாம். போனில் சொல்ல முடியாதாம்.

என்னவாக இருக்கும்? வளைகாப்புத் தேதி. அல்லது பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி. அல்லது கதிர் மாமியாரிடம் ஏதாவது உளறியிருப்பான். மூன்றாவதற்குத்தான் வாய்ப்பு.

நவ. 19, புதன்

மூன்றும் இல்லை.

பத்து மணி பஸ்ஸில் வந்தார். பையில் கொய்யா, அவர் டிபன் கடையில் அரைத்த இட்லிப் பொடி, திருமலையிலிருந்து லட்டு. லட்டுக்கும் எனக்கும் எந்தக் கொள்கைத் தகராறும் கிடையாது. ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். மாலுவைப் போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு விஷயம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது என்றார். யாராவது அப்படி ஆரம்பித்தால் எனக்கு முன்கூட்டியே கோபம் வந்துவிடும்.

ஆபரேஷன் அன்று எனக்கு ரத்தம் நிற்கவில்லை. ஒன்றரை நாள் ஐசியூவில். கதிர் ரத்தத்துக்கு ஆள் தேடி ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தான். வாசலில் தரையில் உட்கார்ந்து இருந்தது சம்பந்திதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது இது.

"அப்போ வேண்டிக்கினேன் சம்பந்தி. எங்க சம்பந்தியம்மா கண்ணு தொறந்து எய்ந்து வந்துட்டா, மலைக்கி வந்து முடி குடுப்பாங்கன்னு."

யார் முடி என்று கேட்டேன்.

"ஒங்கள்து."

லட்டு வாயிலேயே நின்றது. என் முடியை நீங்கள் எப்படித் தருவீர்கள் என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை, முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவர் ஊரில், ஏன் என் ஊரிலும், வீட்டில் யாருக்கு முடியாவிட்டாலும் அவர் தலையை இன்னொருவர்தான் வேண்டிக்கொள்வார். புருஷன் தலையைப் பெண்டாட்டி, பெண்டாட்டி தலையை மாமியார், பிள்ளை தலையை எல்லோரும். தலைக்குச் சொந்தக்காரரைக் கேட்கிற வழக்கம் இல்லை.

"கொயந்தைக்கி வேண்டிக்கிறப்போ கொயந்தைய கேட்டா வேண்டிக்கிறோம்?" என்றார்.

நான் குழந்தையா என்றேன். அன்றைக்கு அப்படித்தான் இருந்தீர்கள் என்றார். வாயிலும் மூக்கிலும் குழாய். அப்படித்தான் இருந்திருப்பேன்.

நான் கும்பிடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். கல்யாணம் பேச வந்த அன்றே சொல்லியாயிற்று. கதிர் மாலு கல்யாணத்தில் எல்லாச் சடங்குக்கும் நின்றேன், எதற்கும் கை கூப்பவில்லை. அவரும் கேட்கவில்லை. இன்று காலை வரை நாங்கள் நல்ல சம்பந்திகள்.

பிரசவத்துக்கு முன்னால் தீர்த்துவிட வேண்டுமாம். மலைமேல் இருப்பவர் பாக்கி வைக்க விடமாட்டாராம். வேண்டியது தீராமல் பேரப்பிள்ளை பிறந்தால் என்று ஆரம்பித்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

முடியாது என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். சாப்பிடாமல் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். கொய்யாப்பழம் மேசைமேல் அப்படியே.

நவ. 20, வியாழன்

வெயில், மழை, வெயில். லேபுக்குப் போகவில்லை.

மத்தியானத் தூக்கத்தில் கனவு. என் முடி மட்டும் திருமலைக்கு ஏறும் அலிபிரி படியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. பின்னலோடு, ரிப்பனோடு, பள்ளிக்கூடம் போகும் பெண் மாதிரி. நான் கீழே நின்று கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் இல்லை கனவில். மேலே வெள்ளையாகப் பனி. முடி அதற்குள் போனதும் நல்ல வாசனை வந்தது, மழை பெய்த மண் வாசனை. விழித்தால் வெளியே நிஜமாகவே மழை.

எழுந்து கண்ணாடியில் பார்த்தேன். ஐம்பத்தாறு வயசு. காதோரம் நரை. ஆபரேஷனுக்கு அப்புறம் நிறையக் கொட்டிவிட்டது. பெரிய அழகு ஒன்றும் இல்லை. ஆனாலும் இது என்னோடுதான் வந்தது. கர்ப்பப்பையை எடுக்கக்கூட என்னிடம் நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

நவ. 21, வெள்ளி

கதிருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாலு சொல்லியிருப்பாள். சாயங்காலம் காபியோடு வந்து உட்கார்ந்தான். முடிதானே, வளர்ந்துவிடும் என்றான். முடிதானே என்றால் உன்னுடையதைக் கொடு என்றேன். நான் தயார், அத்தை ஒப்புக்கொள்ளவில்லை, வேண்டியது அம்மா தலை என்கிறார் என்றான். பாவம், கேட்டும் பார்த்திருக்கிறான்.

அவன் கேட்டது சரியான கேள்விதான். "நம்பாதவங்களுக்கு அது வெறும் முடிதானம்மா? அப்பொ குடுக்கறதுல ஒங்களுக்கு இன்னா நஷ்டம்?"

நஷ்டம் முடியில் இல்லை. நான் மயங்கிக் கிடந்தபோது என்னை எடுத்து, நான் ஏற்றுக்கொள்ளாத ஒருவரிடம் என் பெயரில் பேசியிருக்கிறார்கள். நான் வருவேன், குனிவேன், தருவேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இதைக் கதிரிடம் இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை. அவனிடம் சொன்னது: காபியில் சர்க்கரை போதவில்லை.

அப்பா, எங்கள் நைனா, ஞாபகம். எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது அவரால்தான். நெற்றியில் எதையும் பூசக் கூடாது, செத்த பிறகும் பூசக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார். அவர் செத்த அன்றைக்குக் கூட்டத்தில் நைனாவின் அக்கா வந்து மூன்று விரலால் விபூதியை இழுத்துவிட்டார். நான் ஈரத் துணியால் துடைத்தேன், எல்லோரும் பார்க்க. அத்தை சண்டை போடவில்லை. "அவனுக்கு வேணாம்டி. எனக்கு வேணும்" என்றார்.

துடைத்தது சரிதான். அவர் எழுதி வைத்தது. ஆனால் அத்தையின் அந்த மூன்று விரல், வெள்ளையாக, ஒன்றும் செய்யத் தெரியாமல் அந்தரத்தில் நின்றது. அதை இன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவ. 22, சனி

மாலு என் தலையைப் பார்க்கிறாள். நான் திரும்பினால் டிவியைப் பார்க்கிறாள். காலையிலிருந்து இதே.

தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடட்டுமா அத்தை என்று வந்தாள். உட்கார்ந்தேன். அவள் வயிறு என் முதுகில் படும்படி நின்றுகொண்டு தேய்த்தாள். உள்ளே இருப்பது ஒரு உதை விட்டது, எனக்கே தெரிந்தது. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டாள்.

"நம்பிக்க எனக்கு பாதிதான் அத்த. பயம் மட்டும் முழுசா கீது."

அம்மா மேல் கோபமா என்று கேட்டாள். கோபம்தான் என்றேன். என் மேலுமா என்றாள். இல்லை என்றேன். எண்ணெய் கழுத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. இவள் பயந்துகொண்டே பிள்ளை பெறக் கூடாது. அது மட்டும் எனக்குச் சத்தியமாகத் தெரியும். அதற்காக என் தலையைத் தர வேண்டுமா என்பது தெரியவில்லை.

நவ. 24, திங்கள்

லேப். கூட்டம். டெங்கு சந்தேகம் ஒன்பது பேர். ஒருத்தி தன் டியூபில் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடச் சொன்னாள். போட்டேன். எனக்கென்ன, அவள் ரத்தம்.

சரி. இதையும் எழுதிவிட வேண்டியதுதான்.

கைப்பையின் உள் ஜிப்பில் ஒரு தாள். பத்து நாளாக இருக்கிறது. அது சம்பந்தியின் ரிப்போர்ட். அவருக்கே தெரியாத ரிப்போர்ட்.

பத்து நாளைக்கு முன்னால் மாலுவைப் பார்க்க வந்தபோது தலைசுற்றல் என்றார். லேபுக்குக் கூட்டிப்போய் ஹெச்.பி. பார்க்கிறேன் என்றேன். கையை நீட்டினவர் ஒன்று சொன்னார்: சுகர் டெஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், அதைப் பார்த்தால்தான் அது வரும். அவர் வீட்டுக்காரருக்கு அப்படித்தானாம். நன்றாக இருந்த மனுஷன், டெஸ்ட் எடுத்தார், சுகர் என்றார்கள், ஒரு வருஷத்தில் காலை எடுத்தார்கள், அடுத்த வருஷம் ஆளே இல்லை. டெஸ்ட்டுக்கு முன்னால் அவருக்கு ஒன்றுமே இல்லை என்பது சம்பந்தியின் வாதம். எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன், இவருக்கு விளக்க வாய் வரவில்லை. சரி, பார்க்கவில்லை என்று சொன்னேன்.

சொல்லிவிட்டுப் பார்த்தேன். டியூபில் ரத்தம் மிச்சம் இருந்தது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 9.4, ஆறரை வந்தாலே சர்க்கரை நோய். மறுபடி ஓட்டினேன். 9.4.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மடித்து வைத்தேன். இன்று தாளைப் பிரித்துப் பார்த்தேன். வேண்டாம் என்று அவர் சொன்னார். அவர் கையிலிருந்து வந்தது, அவரைக் கேட்காமல் நான் எடுத்துக்கொண்டேன்.

இல்லை, இரண்டும் ஒன்றல்ல. சர்க்கரை நிஜம். எண் இருக்கிறது. நாளைக்கே அவர் காலைக் காப்பாற்றும்.

அவரும் இதைத்தானே சொல்வார். சே.

நவ. 25, செவ்வாய்

திருப்பதி போய் வந்தேன். வழியெல்லாம் மழை. பஸ் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு வடமாலப்பேட்டை வரை அரைத் தூக்கம். புதுக் குடை பத்திரம்.

சம்பந்தியின் கடை, மலையைப் பார்த்த தெருவில் நான்கு மேசை. நான் போனபோது கூட்டம் ஓய்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம். முடிக்கு ஒப்புக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அந்த வெளிச்சத்தை அணைப்பதற்குக் கஷ்டமாக இருந்தது. இட்லி வைத்தார். தின்றேன். பிறகு தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவருக்கு இங்கிலீஷ் வராது, எண் தெரியும். அது என்ன 9.4 என்றார். சொன்னேன்.

கரண்டியைக் கீழே வைத்தார். சத்தமே போடவில்லை. அதுதான் மோசம்.

"வேணாம்னு சொன்னேனா, இல்லியா?"

சொன்னீர்கள் என்றேன்.

"பாக்க மாட்டேன்னு நீங்க சொன்னீங்களா, இல்லியா?"

சொன்னேன் என்றேன்.

"அப்றம் இன்னாத்துக்கு பாத்தீங்க?"

"நல்லதுக்குத்தான் பாத்தேன் சம்பந்தி."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் மேசையைப் பார்த்தோம். இட்லிப் பானையில் மிச்சத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, யாரும் எழுந்து அடுப்பை அணைக்கவில்லை. ஆவி கடை முழுக்கப் பரவி அவர் முகம் சரியாகத் தெரியவில்லை.

தனக்குச் சர்க்கரை இல்லை என்றார். மிஷின் தப்புக் காட்டும், ரத்தம் மாறியிருக்கும், அவர் நம்பப் போவதில்லை. நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். நீங்க நம்பாட்டியும் அது உள்ள இருக்கும் சம்பந்தி என்றேன்.

"அதத்தான் நானும் சொல்லிக்கினு கீறேன்" என்றார். கையால் வாசலைக் காட்டினார். வாசலில் மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மேகம்.

சிரிப்பு வரவேண்டிய இடம். இருவருக்கும் வரவில்லை. தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது நியாயம் என் பக்கம் என்று ரேணிகுண்டா வரை வாதாடினேன். அதற்கப்புறம் அலுத்துப்போயிற்று. அவர் என்னிடம் மலையை மறைக்கவில்லை. வேண்டிக்கொண்டதை நேரில் வந்து, பயந்துகொண்டே சொன்னார். நான் பத்து நாள் ஜிப்புக்குள் வைத்திருந்தேன்.

நவ. 26, புதன்

ஒன்றும் இல்லை. தூக்கம். மழை. மாலு முருங்கைக்கீரை பொரித்தாள், உப்பு அதிகம்.

நவ. 28, வெள்ளி

ஹெச்.பி. 9.2.

சம்பந்தி போன். ஹலோ இல்லை, சௌக்கியமா இல்லை. எடுத்தவுடன்: "டாக்டராண்ட போனேன். அங்கயும் அதான் சொல்றாங்க. மாத்தர குடுத்தாங்க. நம்பிக்க இல்ல சம்பந்தி. ஒங்க மொகத்துக்காக துன்றேன்."

சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டேன்.

பிறகு அவரே சொன்னார். யோசித்துப் பார்த்தாராம். தன் ரத்தத்தைத் தன்னைக் கேட்காமல் பார்த்தது மூன்று நாளாக நெஞ்சில் முள்ளாக இருக்கிறதாம். அப்படியென்றால் எனக்கும் அப்படித்தானே இருக்கும். மலைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறாராம்: தெரியாமல் அடுத்தவர் தலையைச் சொல்லிவிட்டேன், அவரை விட்டுவிடு, என்ன தண்டனையோ எனக்குக் கொடு. வேண்டுதலை அப்படித் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவருக்கும் தெரியாதாம். யாரும் வேண்டியதைத் திருப்பி வாங்கிக் கேள்விப்பட்டதில்லையாம்.

"தனியா போறதுக்கு பயமா கீது. கூட வரீங்களா? நீங்க உள்ள வர வேணாம். வெளிய ஒக்காந்துகினு இருந்தா போதும்."

வருகிறேன் என்றேன்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எனக்காக ஒருத்தி தன் சாமியிடம் போய்ச் சண்டை போடப் போகிறாள். பயப்படுகிற சாமியிடம். வயிற்றில் ஏழு மாதம், எட்டாகப் போகிறது, அந்த மகளையும் வைத்துக்கொண்டு.

டிச. 3, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது காலை. முற்றத்தில் வெயில் லேசாக. ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும், கனவோடு கலந்துவிடும்.

மலைக்குப் பஸ்ஸில் போனோம். ஒவ்வொரு வளைவிலும் பனி கூடியது. பதினைந்து வருடம் ஆகிறது நான் மேலே போய். அப்போதும் துணைக்குத்தான். சம்பந்தி வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். மந்திரம் இல்லை. சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தார். இரண்டு வாக்கியம்தான், மறந்துவிடுமோ என்று பயம். என்னிடம் ஒப்பித்தும் காட்டினார். நான் வாத்தியார் மாதிரி தலையாட்டினேன்.

பத்து மணிக்கு அவர் வரிசைக்குள் போனார். செருப்பையும் போனையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் கோயிலைச் சுற்றிய மாட வீதியில் ஒரு படியில் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மொட்டைத் தலைகள், சந்தனம் பூசி, மஞ்சளாக. குழந்தை, கிழவர், ஒரு கல்லூரிப் பெண், அவளைப் பார்த்துச் சிரிக்கும் தம்பி, அவனும் மொட்டை. யார் தலையை யார் வேண்டினார்களோ. யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை. ஒருவர் முகத்திலும் அது எழுதியில்லை. எனக்குக் கண் சொருகியது. விழித்தபோது யாரோ என் மடியில் ஒரு பூவைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், அல்லது காற்றில் விழுந்ததோ.

மூன்று மணி இருக்கும், சம்பந்தி வந்தார். நடை சரியில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பையிலிருந்து பேரீச்சை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினார்.

அஞ்சு மணி நேரம் வரிசையில் அதையே சொல்லிக்கொண்டு போனாராம். தங்க வாசலைத் தாண்டும்போதுகூட நாக்கில் இருந்ததாம். எதிரில் சாமி தெரிந்த நொடியில் ஜரகண்டி ஜரகண்டி, நகரு நகரு என்று தோளில் கை வைத்துத் தள்ளினார்களாம். ஒரு விநாடிதான். வாய் எதையோ சொல்லிவிட்டது. வெளியே வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்றே தெரிந்ததாம்.

"இன்னா சொன்னீங்க?"

என்னைப் பார்க்கவே இல்லை. "சம்பந்திக்கி ரத்தம் ஏறணும்னுட்டேன்" என்றார். "மன்னிச்சிக்கோங்க. அதான் வந்துச்சி."

நான் சிரித்தேன். பெரிதாக, நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. வேண்டுதலைத் திருப்பி வாங்கப் போன இடத்தில் இன்னொரு வேண்டுதல். சிரித்துக்கொண்டே அழுகை வந்தது. எனக்கு இப்போதெல்லாம் கண்ணீருக்குக் கணக்கில்லை, ரத்தம் கம்மி என்று சொல்லிக்கொள்வேன். நேற்று அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐசியூ வாசலிலும் இப்படித்தான் வந்திருக்கும். என்னை மதிக்காமல் சொன்னது இல்லை. யாரோ பின்னால் தள்ள, ஒரு விநாடி கிடைக்க, வாயில் இருந்தது நான். இரண்டு வாரமாக அவமரியாதை என்று நான் திட்டிக்கொண்டிருந்தது இதைத்தான். கேட்டிருக்க வேண்டும், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கேட்க நேரமில்லாத இடத்தில் என் பெயர் வருகிற வாய் இந்த உலகத்தில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்களே அதிகம்.

இந்தத் தடவை என்ன தருவதாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, சும்மாதான் கேட்டேன் என்றார். பிறகு மறுபடி வரிசையில் போகிறேன், இந்த முறை மறக்கமாட்டேன் என்று எழுந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கல்யாணகட்டா எந்தப் பக்கம் என்று கேட்டேன். முடி எடுக்கும் இடம். பெயர் தெரியும், வழி தெரியாது.

அவர் பயந்துபோனார். வேண்டாம் என்றார். "நம்பாம குடுக்கக் கூடாது சம்பந்தி. அவனுக்கும் மரியாதி இல்ல, ஒங்களுக்கும் இல்ல." எனக்குத் தெரியாத நியாயம், சரியான நியாயம். நான் அவனுக்குக் கொடுக்கவில்லை என்றேன். உங்களுக்குக் கொடுக்கிறேன், நீங்கள் யாருக்குக் கொடுத்தாலும் அது உங்கள் இஷ்டம். அவர் அதை மெள்ள யோசித்தார். பேரீச்சையை வாயில் போட்டு முழுவதும் மென்று முடித்த பிறகுதான் எழுந்தார்.

வரிசையாகப் பெண்கள். ஈரத் தரை. கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எதுவும் உருவமில்லை, எல்லாம் நிறம்தான். குளிர்ந்த தண்ணீர். கத்தி நடு உச்சியிலிருந்து இறங்கியது. மடியில் பாரமில்லாமல் எதுவோ விழுந்துகொண்டே இருந்தது. நான்கு பக்கமும் கோவிந்தா என்று குரல்கள். நான் சொல்லவில்லை. யாரும் சொல்லச் சொல்லவும் இல்லை. பயமாக இல்லை. பக்தியும் வரவில்லை. காதுக்குப் பின்னால் காற்று பட்டது, பிறந்ததிலிருந்து அங்கே காற்று பட்டதில்லை.

எழுந்து நின்றேன். கண்ணாடியை வாங்கிப் போட்டேன். சம்பந்தி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தொடலாமா சம்பந்தி?"

தொடுங்க என்றேன்.